மிச்சமிருந்த சாட்சி

ராஜதுரை மேல் வழக்குப் போட்டவர்கள் மூன்று பேர். லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியது, ஏமாற்றியது என்று இரண்டு பிரிவுகள். சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கான்ஸ்டபிள் ஜெனிதாவின் வேலை. முதல் ஆள் முத்தமிழ்செல்வன், வேறொரு ஏஜென்ட் மூலமாக மறுபடி மலேசியாவுக்கே போய்விட்டான். இரண்டாவது சாட்சியான பெண் கூண்டில் ஏறி, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க" என்றாள். வெளியே அவளுடைய அண்ணன் ராஜதுரையின் ஆட்களோடு டீ குடித்துக்கொண்டிருந்ததை ஜெனிதா பார்த்தாள்.

மிச்சம் கொளஞ்சியம்மாள். அவளைத் தேடி ஜெனிதா குன்னத்தில் பஸ் இறங்கி, வெயிலில் நடந்து அவளுடைய வெங்காயக் காட்டுக்கே போனாள். வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"போன தடவ வந்தேன், வாய்தான்னு அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி வந்தப்ப ஜட்ஜு லீவுன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கூலி போவுது மேடம்."

"இந்தத் தடவை எடுத்துருவாங்கக்கா."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். ஜெனிதா வரப்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது. காட்டின் அந்தக் கோடியில் கொளஞ்சியம்மாளின் கணவன் ராஜவேல் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தான். யூனிஃபார்மைப் பார்த்தும் இந்தப் பக்கம் வரவில்லை.

"அவரு பேசமாட்டாரு," என்றாள் கொளஞ்சியம்மாள். "நான் ஆசப்பட்டுப் போயி குடும்பத்த சந்தி சிரிக்க வச்சிட்டேனாம். ஊரே அப்படித்தான் பேசுது."

ஆனாலும் அவள் வந்தாள். வெளுத்த நீலப் புடவையில், தனியாக.

பெரம்பலூர் கோர்ட்டில் அன்று மத்தியானத்துக்கு மேல்தான் வழக்கைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். ஓமனில் வயதான ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றுதான் ராஜதுரை சொன்னான். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். மூன்று வீடுகளில் மாற்றி மாற்றி வேலை வாங்கினார்கள். ஒரு நாள் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. ராஜதுரைக்கு போன் போட்டாள். 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பரை யாருமே எடுக்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "உங்களை யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பலையே? விருப்பப்பட்டுத்தானே போனீங்க?"

"விருப்பப்பட்டுத்தாங்க போனேன். அவரு சொன்ன வேலைக்கு."

வக்கீல் அதோடு விடவில்லை. என்ன தேதி, யார் முன்னால் பேசினான், சாட்சி யார் என்று குடைந்தார். தேதியில் அவள் தடுமாறினாள். ஒரு முறை சித்திரை என்றாள், அடுத்த முறை வைகாசி என்றாள். இறங்கி வந்ததும், "கெடுத்துட்டேனா மேடம்?" என்று கேட்டாள். "சாப்ட்டீங்களாக்கா?" என்று மட்டும் ஜெனிதா கேட்டாள்.

தீர்ப்பு வந்த நாளில் ஜெனிதாவுக்கு அங்கேதான் டூட்டி. குற்றம் நிரூபணமாகிவிட்டது, இரண்டு வருடச் சிறை, அபராதம் என்று நீதிபதி வாசித்தார். ராஜதுரையின் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வக்கீல் கையில் மனு தயாராக இருந்தது. மேல் கோர்ட்டுக்குப் போகும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தார்கள். சாயங்காலம் எதிர்த்த டீக்கடையில் அவன் போன் பேசிக்கொண்டு நின்றான். சட்டத்தில் அதற்கு இடம் இருப்பது ஜெனிதாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

போனில் சொல்ல மனம் வராமல் மறுநாள் நேரிலேயே போனாள்.

"அப்ப நேத்தே வூட்டுக்குப் போயிட்டானா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஆமாக்கா."

அவள் கோணல் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "ஆனா குத்தம்னு சொல்லிட்டாங்கல்ல?"

"சொல்லிட்டாங்க. உங்க சாட்சிய நம்புறேன்னு ஜட்ஜு எல்லார் முன்னாடியும் வாசிச்சாரு."

"நான் சொன்னதையா?"

"நீங்க சொன்னதத்தான்."

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "இத எங்க வூட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா எடுபடாது" என்றாள்.

ராஜவேல் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஜெனிதா சொன்னதை மண்வெட்டியின் மேல் சாய்ந்தபடி முழுக்கக் கேட்டான்.

"மேல் கோர்ட்டுல மாத்திப்புடுவாங்களா?"

"மாத்தலாங்க. உறுதியா சொல்ல முடியாது."

"திரும்ப இவள வரச் சொல்லுவாங்களா?"

"பெரும்பாலும் தேவைப்படாது."

அவன் தூரத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த மனைவியைப் பார்த்தான்.

"கூப்ட்டா சொல்லுங்க. தனியா வரவேணாம், நான் கூட்டியாறேன்."

ஜெனிதா தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் நின்றபோது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பஸ் வரும்வரை உட்கார்ந்தாள்.