கப்பல் நேரம்

கடைசி நேரத்தில் கப்பலைப் பிடிக்க ஓடி வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பதற்கென்றே மேல்தளத்துக்குப் போக வேண்டும் என்று எங்கள் சாப்பாட்டு மேஜைக்காரர் ரோஸ்கோ சொன்னதால் போனோம். நசாவ் தீவுத் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கம்பி ஓரம் கால் வைக்க இடமில்லை. ஆளாளுக்குக் கையில் காகிதக் குடை செருகிய கோப்பையோடு, ஏதோ பந்தயம் பார்க்க வந்தவர்களைப் போல நின்றிருந்தார்கள். கீழே துறைமேடையில் ஒரு குடும்பம் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தது. முன்னால் அப்பாக்காரர், அணைத்துப் பிடித்த கையில் ஒரு பெரிய மர ஆமை. பாதி வழியில் ஆமை நழுவி உருண்டது. அவர் நின்று, கப்பலைப் பார்த்து, ஆமையைப் பார்த்து, திரும்பிப் போய் ஆமையை எடுத்தார். கப்பலே அதிர்ந்தது. கைதட்டல், விசில், தட்டுகளில் கரண்டியால் தாளம். என் சிரிப்புதான் எல்லோருடையதையும் விட உரக்கக் கேட்டிருக்கும். என் புருஷன் வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், அந்த ஆளுக்கு மூச்சு வாங்குது பார், ஆர்டித்" என்றான்.

வெண்டல் அப்படித்தான். எங்கள் ஊர் வால்டோஸ்டாவில் நகராட்சித் தண்ணீர்க் குழாய்களோடு ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேட்டே பழகியவன், மனிதர்களிடமும் அப்படியே. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பிள்ளைகள் எல்லாம் ஏறிவிட்டார்களா என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே கழுத்து ஒரு பக்கம் திரும்பிப்போனவள். இரண்டு பேருக்கும் இது இரண்டாவது கல்யாணம், முதல் கப்பல்.

ரோஸ்கோவும் மேவிஸும் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு வாய்த்தவர்கள். டென்னசிக்காரர்கள், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள். ரோஸ்கோவின் கழுத்தில் தொங்கிய அட்டை வேறு நிறம். கரீபியன் கடலில் குப்பை கொட்டியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்களுக்குத்தான் அந்த நிறத்தைத் தருவார்களாம். முதல் நாள் சாயங்காலம், சூப் வருவதற்கு முன்பே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல் தடவையா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றான் வெண்டல்.

"கார்ல வந்த சட்டையோடயே சாப்பிட வந்திருக்கியே, தம்பி. எல்லாத்தையும் பெட்டியில போட்டு சுமைதூக்குறவன்கிட்ட குடுத்துட்டு, பெட்டி எப்ப வரும்னு உட்கார்ந்திருக்கீங்க."

உண்மைதான். வெண்டலின் ரத்த அழுத்த மாத்திரைகூட அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதைச் சொன்னதும் ரோஸ்கோ கண்ணை மூடி, எங்களுக்காகக் கடவுளிடம் பேசுவது போல ஒரு நிமிஷம் இருந்தார். பிறகு புத்திமதி ஆரம்பித்தது. தலை சுற்றினால் பச்சை ஆப்பிள் தின்ன வேண்டும். விடியற்காலையில் எழுந்துபோய் நீச்சல் குளத்து நாற்காலியில் துண்டு விரித்து இடம் பிடிப்பவர்களோடு சண்டைக்குப் போகக் கூடாது, அவர்கள் வேறு ஜாதி. கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், அப்போது மறுநாள் போட்டுக்கொள்ள ஒரு கால்சட்டையை மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"இவர் ஒரு வருஷம் அதையும் சேர்த்துக் கட்டிட்டார், கண்ணு. மயாமியில துண்டைக் கட்டிக்கிட்டு இறங்கினார்" என்றாள் மேவிஸ் என்னிடம்.

"துண்டில்ல. போர்வை" என்றார் ரோஸ்கோ, அதில் ஒரு கௌரவம் இருப்பதைப் போல.

பிறகு விரலை நீட்டினார். "இதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. இந்தக் கப்பல் மயாமி நேரத்துல ஓடுது. நாம போற தீவெல்லாம் ஒரே நேரம் கிடையாது. கோசுமெல் ஒரு மணி நேரம் பின்னாடி இருக்கும். அங்க இறங்கி போனை உசுப்பினா, அது உங்களைக் கேட்காமலே அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கும். கப்பல் நேரந்தான் நேரம். கப்பல் யாருக்காகவும் நிக்காது, நான் உட்பட."

வெண்டல் உடனே மணிக்கட்டைத் தூக்கி, சாவி கொடுக்கிற தன் பழைய கடிகாரத்தைக் காட்டினான். இது தானாக எதற்கும் மாறாது என்று அர்த்தம். ரோஸ்கோ தலையாட்டினார்.

"இன்னொண்ணு, இது புருஷன் பொண்டாட்டிக்கு. ஒரு ஊர்லயாவது ஆளுக்கொரு பக்கம் போங்க. அறை எத்தனை பெருசுன்னு பார்த்தீங்கல்ல? வாரம் பூரா மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்கிட்டு இருந்தா, ஒருத்தரை ஒருத்தர் கடல்ல தள்ளிடுவீங்க."

எல்லோரும் சிரித்தோம். வெண்டல் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் அவனைத் தனியாக எங்கேயும் அனுப்பியதில்லை என்பது அவனுக்குத் தெரியும். பால் வாங்கப் போனால் நானும் காரில் ஏறிக்கொள்வேன். ஏன் என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கே கசிகிறது என்று தெரிந்தும் தோண்டாமல் விட்டிருந்தான்.

என் முதல் புருஷன் டுவேன் ஐஸ் வாங்கப் போனான். செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறை, தோட்டத்தில் அடுப்பு எரிகிறது, அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. குளிர்பெட்டியில் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். இதோ வந்துட்டேன் என்றான். கறி கருகியது, சோடா வெந்நீரானது, வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் சமையலறை ஜன்னலில் இருட்டும் வரை நின்றேன். தெருவில் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கினால் அவன் வரவில்லை என்பது உறுதியாகிவிடும் என்று பயம். அப்புறம் தெரிந்தது, அலபாமாவில் வேறொருத்தியோடு நல்ல ஆரோக்கியமாக இருந்தான். சவரக் கத்தியைக்கூட எடுத்துப் போகவில்லை.

கோசுமெலில் கப்பல் கட்டிய காலையில், தண்ணீருக்கடியில் மீன் பார்க்கிற இடம் ஒன்று தனக்குத் தெரியும் என்று ரோஸ்கோ வெண்டலைக் கூப்பிட்டார். எனக்கு வெயில் ஆகாது, தோல் உரிந்துவிடும். வெண்டல் தயங்கினான். "போ" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

"நிஜமாவா?"

"போன்னு சொன்னேன்ல. மீனைப் பார்த்துட்டு வா."

நான் மேவிஸோடு பிங்கோ ஆடப் போனேன். ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஒரு மணி நேரமாக அவனை நினைக்கவே இல்லை என்று கவனித்தபோது எனக்கு என்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது. மத்தியானம் சாப்பிட்டோம். சாயங்காலம் எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் வந்தது. அதுவும் தாண்டியது. ஒலிபெருக்கி கரகரத்து இரண்டு பெயர்களைச் சொன்னது. வெண்டல் பிரேட்டர், ரோஸ்கோ டட்டில், உடனே வரவேற்பு மேஜைக்கு வரவும்.

"விட்டுட்டுப் போனா எனக்கு ஒரு வாரம் நிம்மதி" என்றாள் மேவிஸ். சொல்லிக்கொண்டே, ஏற்கெனவே சர்க்கரை போட்ட காப்பியில் இன்னொரு தடவை சர்க்கரை போட்டாள். குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

வரவேற்பு மேஜைப் பெண் என்னோடு அறைக்கு வந்தாள். மரியாதையான பெண், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மேடம். "அவர் அட்டை இன்னும் உள்ளே பதிவாகலை, மேடம். கரையில நின்னுட்டா அவருக்கு பாஸ்போர்ட் வேணும். பெட்டகத்தைத் திறந்து குடுத்தீங்கன்னா துறைமுகத்துல நம்ம ஆள்கிட்ட ஒப்படைச்சிடுவோம். அவர் விமானம் பிடிச்சு அடுத்த ஊர்ல வந்து ஏறிக்கலாம்."

அலமாரிக்குள் இருந்த சின்ன இரும்புப் பெட்டகத்தைத் திறந்தேன். பாஸ்போர்ட்டைத் தூக்கினால் அதன் அடியில் வெண்டலின் கடிகாரம். காலையில் அவன் அதைக் கழற்றி வைத்ததை நான் பார்க்கவே இல்லை. டிக் டிக் என்று சரியான கப்பல் நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தண்ணீருக்குள் இறங்கப் போகிறோம், கடிகாரம் எதற்கு, என்னிடம் போன் இருக்கிறது என்று ரோஸ்கோ சொல்லியிருப்பார். அந்தப் போன் தீவின் நேரத்தைக் காட்டும். இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறது என்று எங்கேயோ கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். இது என் தலையில் ஒரு பாதி சொன்னது. மறுபாதி, சவரக் கத்தியை விட்டுப் போனவன் ஒருத்தன், கடிகாரத்தை விட்டுப் போனவன் இன்னொருத்தன் என்றது. இரண்டையும் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

"நீங்க கப்பல்லயே இருக்கீங்களா, மேடம், இல்ல நீங்களும் இறங்கிக்கறீங்களா? இறங்கினா திரும்ப ஏத்திக்குவோம்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இறங்குற படியை எடுக்கப் போறாங்க."

"பாஸ்போர்ட்டை நானே கொண்டுபோறேன்" என்றேன்.

என் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டேன். வார் பெரிது, முழங்கை வரை ஏறி இறங்கியது. படிக்குப் பக்கத்தில் மேவிஸ் நின்றிருந்தாள். "நீ கீழே போ, கண்ணு. நான் மேலேருந்து பார்க்கறேன். யாராவது ஒருத்தர் மேல இருக்கணும்ல" என்றாள். அவளுக்கும் பயம்தான், அதைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த விதம் அது.

துறைமேடையில் காலை வைத்ததும் சூடு முகத்தில் அறைந்தது. மேலே கம்பியோரம் கூட்டம் தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. "அம்மா, கப்பல் இந்தப் பக்கம் இருக்கு" என்று எவனோ கத்த, ஒரே சிரிப்பு. நசாவில் நான் சிரித்த சிரிப்பு எனக்கே திரும்பி வந்ததாக எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பக்கமாக நடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவன் வராவிட்டால் தெரியாத ஊரில் இரண்டு பாஸ்போர்ட்டோடு நிற்கப் போகிறேன். ஆனாலும் ஜன்னலில் நிற்பதைவிட இது எவ்வளவோ பரவாயில்லை. கால்கள் நடந்துகொண்டிருந்தன, அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

மேடையின் மறுகோடியில், கடைகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் வெளிப்பட்டான். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறும் கால். நீச்சல் கண்ணாடியும் மூச்சுவிடும் குழாயும் கழுத்தில் தொங்க, தண்ணீர்க் குழாய் வெடித்த இடத்துக்கு ஓடுகிறவனைப் போல ஓடி வந்தான். எனக்குக் கண்ணீர் மறைத்தது. நான் நடப்பதை நிறுத்திவிட்டேன், இனி நடக்கத் தேவையில்லை. அவனுக்கு வெகுதூரம் பின்னால் ரோஸ்கோ, தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, ஓடாமல் நடந்து வந்தார்.

வெண்டல் என் முன்னால் வந்து முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினான். 

"நீ ஏன் கீழே நிக்கிற?"

"உன் கடிகாரத்தைக் குடுக்க வந்தேன்."

அவன் என் கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மூச்சிரைக்கச் சொன்னான். "ரோஸ்கோ தன் பேரன் படத்தைக் காட்டறேன்னு அணைச்சு வெச்சிருந்த போனை உசுப்பினார். அதுக்கப்புறம் அதுலதான் நேரம் பார்த்தோம். கடையில பரிமாறற பையன் வந்து, உங்க கப்பல் ஆளுங்கெல்லாம் போயிட்டாங்களே, நீங்க போகலையான்னு கேட்டான். ஆர்டித், நீ என்ன நினைச்சுக்கிட்டு இருப்பியோன்னுதான்..."

"நடந்துக்கிட்டே பேசு, படியை எடுக்கறாங்க" என்றேன். அவன் இடுப்பில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். மேலே கப்பல் முழுக்கக் கைதட்டியது. நான் ஒரு கையைத் தூக்கி அவர்களுக்கு ஆட்டினேன். ரோஸ்கோ எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்து, "இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி நான் ஓடமாட்டேன். வீடியோ எடுப்பானுங்க" என்றார். முகம் சிவந்திருந்தது. படி ஏறியதும் மேவிஸ் அவர் தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவர் தோளில் அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள். எத்தனையோ கப்பல் கண்ட மனிதர், தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அறைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், வெண்டலின் குதிகால் சிமெண்டுச் சூட்டில் கொப்பளித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே துறைமேடை மெல்ல விலகியது. காலியான மேடையின் மறுகோடியில், கடைகளின் ஓரம் அவனுடைய மற்றொரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

அவனைக் கட்டிலில் உட்காரச் சொன்னேன், அவன் என்னைத்தான் உட்கார வைத்தான். பிறகு டுவேனைப் பற்றிச் சொன்னேன். அடுப்பு, கருகின கறி, ஜன்னல் எல்லாம். அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷம் சுமந்தது இவ்வளவுதானா என்று இருந்தது.  வெண்டல் கேட்டு முடித்துவிட்டு, மேஜைமேலிருந்த காலி ஐஸ் வாளியைப் பார்த்தான், தயங்கினான்.

"காலுக்கு ஐஸ் வைக்கணும். மேல்தளத்துல இருக்கு. கூட வர்றியா?"

"நீ போயிட்டு வா" என்றேன்.

அவன் வாளியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். ஒரு செருப்புச் சத்தமும் ஒரு வெறுங்கால் சத்தமுமாக நடைவழியில் தேய்ந்து போவது கேட்டது. கொஞ்சம் சாயலாம் என்று தலையணையில் தலையை வைத்தேன்.

விழித்தபோது ஜன்னல் முழுக்கக் கடல். பக்கத்தில் வெண்டல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், குதிகாலில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. மேஜைமேல் வாளியில் அவன் கொண்டுவந்த ஐஸ் உருகித் தண்ணீராக, கப்பலோடு சேர்ந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது.