அம்பாரத்தில் ஐந்து வகை ஸ்க்ரூ

எட்டு மாதத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் செத்தன. மூன்றாவதும் செத்தால் எனக்கு வேலை இல்லை என்று மேனேஜர் கலியமூர்த்தி சொல்லிவிட்டார்.

"டிப்ளமோவ பாதியில உட்டவன நம்பி சர்வரக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

மரக்காணத்தில் உப்புக்கு அயோடின் சேர்க்கும் ஆலை அது. எனக்கு ராத்திரி ஷிப்ட். ஒவ்வொரு லோடையும் சோதித்து அளவைச் சர்வரில் ஏற்றுவேன். அந்தப் பதிவு இல்லாமல் லாரி கிளம்பாது.

டிஸ்க்கின் மேல் குற்றமில்லை. அதைத் தாங்கிய இரும்பு ட்ரேயும் ஸ்க்ரூவும் துருப்பிடித்துத் தளர்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய ஜெனரேட்டர் டிஸ்க்கை உதறி உதறியே கொன்றது. சென்னை கம்பெனி ஆள் இரண்டு தடவையும் அதே இரும்பைத்தான் மாட்டிவிட்டுப் போனான்.

"இந்தத் தடவ ட்ரேயும் ஸ்க்ரூவும் நான் வாங்கியாறேன் சார்."

"நீயா?"

"நான்தான்."

செப்டம்பரில் ஒரு லீவு நாள் பார்த்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். சேட்டு என்பவரின் கடையில் அலுமினிய ட்ரேயை எடுக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஸ்க்ரூவில்தான் நின்றேன். ஐந்து வகை காட்டினார். ஐந்துமே துருப்பிடிக்காது என்றார்.

"ஒவ்வொண்ணுலயும் நாலு குடுங்க."

"இன்னாப்பா, மளிகக் கடைன்னு நெனச்சியா?"

"எங்க ஊர்ல வெச்சுப் பாத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்."

அம்மா கொளஞ்சியம்மாள் உப்பளத்தில் கூலி. ஸ்க்ரூவை உப்பு அம்பாரத்தில் புதைக்கப் போகிறேன் என்றதும் கத்தினாள்.

"அம்பாரத்துல இரும்ப வெப்பியாடா? உப்பு செவந்துடுச்சுன்னா எவன் வாங்குவான்? நாங்க பலகையாலதான வாரறோம், கண்ணு தெரியல?"

கடைசியில் ஓரமாக ஒதுக்கிய சேற்று உப்பைக் காட்டினாள். ஐந்து வகையையும் தனித்தனியாகப் புதைத்துக் குச்சி நட்டேன். அளத்து ஆட்கள் போகும்போதும் வரும்போதும், "முளச்சுடுச்சா சிலம்பரசா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

பத்தாம் நாள் தோண்டினேன். மூன்று வகை செங்கல் நிறம். நான்காவதின் தலையில் புள்ளி புள்ளியாகத் துரு. ஐந்தாவதைத் துடைத்தால் என் மூக்கு தெரிந்தது.

அந்த ஐந்தாவதையே வாங்கினேன். நீளம் கூடினால் டிஸ்க்குக்குள் இடிக்கும். குட்டையாகப் பார்த்து எடுத்தேன். எஃகும் அலுமினியமும் உப்புக்காற்றில் நேராகத் தொட்டால் அலுமினியம் பொடிந்துபோகும். படகு என்ஜின் வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும். நடுவே ரப்பர் வாஷர் போட்டேன். அது ஜெனரேட்டரின் உதறலையும் வாங்கிக்கொண்டது.

நவம்பரில் மூன்று வாரம் மழை. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ராப்பகலாக ஓடியது. மழை விட்ட அன்று மேனேஜர் சர்வர் ரூமுக்கு வந்தார்.

"நிறுத்திட்டுக் கழட்டு. என் கண்ணால பாக்கணும்."

நான்கு ஸ்க்ரூவும் முறுக்குத் தளராமல் இருந்தன. ஸ்க்ரூடிரைவர் வைத்ததும் முரண்டு பிடிக்காமல் கழன்றன. அவர் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

மாட்டி ஓடவிட்டேன். மழைக்கு முந்தைய பதிவிலிருந்து அன்று காலைப் பதிவு வரை எல்லாம் இருந்தது.

"நம்ம கூனிமேடு குடோன் சர்வருக்கும் இதையே போட்டுடலாம். என்னென்ன வேணும்னு எழுதிக் குடு. சென்னைக்காரன் யார் சொன்னதுன்னு கேப்பான்."

"என் பேரச் சொல்லுங்க சார்."

ஆபீஸ் படிவத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். படிப்பை எழுத விட்டிருந்த கட்டத்தில் கோடு இழுத்தேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுச் சீல் குத்தினார்.