சுருட்டாத சட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ஓர் இணைய வார இதழ் கோடை விடுமுறைக்காக ஒரு குறிப்புக் கேட்டது. கப்பல் சுற்றுலாவுக்கு விசேஷ உடைகளைக் கசங்காமல் எடுத்துப்போவது எப்படி? அறுநூறு சொற்கள். கொஞ்சம் நகைச்சுவையாக. நான் கப்பலில் கால் வைத்ததில்லை. என்னிடம் இருக்கும் விசேஷ உடை என் கல்யாணத்துக்கு எடுத்தது; இப்போது அது எனக்குச் சேராது.

நல்லவேளையாக, ஒத்தக்கடையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு குடும்பம் கப்பலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டும் பேனாவுமாக அவர்கள் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்துதான் எல்லாம் தப்பாகிப்போனது.

2

முதல் தொடக்கம்:

சிவபாண்டியின் சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் அவர் முகத்தில் பத்துச் சுருக்கம்

(அடித்துவிட்டேன். கேட்ட இதழுக்குப் பிடித்திருக்கும். எனக்கும் அன்று பிடித்துத்தான் இருந்தது.)

இரண்டாவது தொடக்கம்:

ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர் சிவபாண்டிக்கு அறுபத்தொரு வயது. தன் துணிகளைத் தானேதான் தேய்ப்பார். மனைவியைத் தேய்க்க விடமாட்டார், கடைக்கும் கொடுக்கமாட்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் வருவார், ஏனென்றால்

(ஏனென்றால் என்று எழுதியபோது எனக்குக் காரணம் தெரியாது. வீண் பகட்டு என்று எழுத இருந்தேன்.)

3

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மகள் தமிழ்வாணிக்குச் சென்னையில் வேலை. அப்பா அம்மாவின் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவள் ஆசையாக எடுத்த டிக்கெட் இது. நான்கு இரவு கடலில். மூவரும் போவதாக ஏற்பாடு. பெட்டி அடுக்குவதற்கென்றே ஒரு வாரம் முன்னதாக லீவு போட்டு வந்திருந்தாள். இரண்டாம் நாள் விருந்துக்கு ஆண்கள் கோட்டுப் போட வேண்டும் என்று கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கோட்டு தைத்து வந்துவிட்டது. உள்ளே போட ஒரு வெள்ளைச் சட்டை. சிவபாண்டி அதைக் காலையில் முக்கால் மணி நேரம் தேய்த்திருந்தார்.

தமிழ்வாணி செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். அம்மாவின் பட்டுச்சேலை உள்ளே போனது. கோட்டைத் திருப்பிப் போட்டுத் தோளுக்குள் தோளைச் செருகி வைத்தாள். சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள்.

"மடிச்சா தடம் விழும்ப்பா. நடுவுல ஒரு தாளை வச்சு அடியிலிருந்து சுருட்டிட்டா ஒரு சுருக்கம் வராது."

சிவபாண்டி எழுந்து வந்தார். பாதி சுருட்டிய சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, உதறி, ஹேங்கரில் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் எடுத்தாள்.

"சுருட்டாத."

"ஏன்?"

"சுருட்டாதன்னா சுருட்டாத."

"அப்ப எப்படிக் கொண்டுபோறது? கையில தூக்கிட்டே அலைவீகளா?"

"அலையிறேன். சுருட்டித்தான் ஆகணும்னா நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரலை."

மனைவி முத்துச்செல்வி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, புள்ள ஆசையா செய்யுது. ஒரு சட்டைக்கா இம்புட்டு?"

தமிழ்வாணி சட்டையைக் கட்டிலில் போட்டாள். அவள் குரல் ஏறவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "சின்னதுல ஸ்கூலுக்கு பஸ்ல போறப்ப ஒங்க மேல சாஞ்சேன். சட்டை கசங்கும்னு தள்ளிவிட்டீக. எனக்கு அப்ப ஆறு வயசு. எப்பவுமே ஒங்களுக்குச் சட்டைதான் பெருசு, நாங்க இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டி திறந்தபடியே கிடந்தது. சிவபாண்டி சட்டையை எடுத்து மறுபடியும் கம்பியில் மாட்டினார். நான் நோட்டில் "வறட்டுப் பிடிவாதம்" என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

4

மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நேத்து என்னமோ எழுதுனீகளே தம்பி. படிங்க."

வேறு வழியில்லாமல் படித்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கீக. பாதி இருக்கு," என்றார். அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதை அவர் பார்வையிலேயே எழுத முயல்கிறேன்.

மேலூர்ப் பக்கத்தில் ஓர் ஊர்.* அவர் வீடு ஊருக்குக் கிழக்கே, காலனியில். பஸ் நிற்பது மேற்கே. நடுவில் ஊர் கூடும் மந்தை, மந்தையை ஒட்டி டீக்கடை, டீக்கடை வாசலில் பெஞ்சு. காலனி ஆண்கள் மந்தையைத் தாண்டும்வரை சட்டை போடக் கூடாது. அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும்.

சிவபாண்டி மதுரைக்கு பாலிடெக்னிக் படிக்கப் போனபோது அவரிடம் இரண்டு சட்டைகள். ஊர் வண்ணார் காலனித் துணியைத் தொடமாட்டார். ஆகவே பித்தளைச் செம்பில் நெருப்புக் கங்குகளை அள்ளிப் போட்டு அவரே தேய்ப்பார். தேய்த்த சட்டையைப் போட முடியாது, மடித்தால் தடம் விழும். பழைய செய்தித்தாளை நடுவில் வைத்து, அடியிலிருந்து சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெற்றுடம்பாக மந்தையைக் கடப்பார். பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாலம். அதன் மறைவில் நின்று சட்டையைப் போட்டுக்கொள்வார். மூன்று வருடம் இப்படி. ஒரு நாளும் சட்டை கசங்கியதில்லை.

"அந்த வீடியோவுல வர்ற பொண்ணு எனக்கு அப்புறம் கத்துக்கிட்டது தம்பி," என்றார். சிரிக்கவில்லை.

படிப்பு முடிந்து, அரசு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. அன்று காலை அவர் சட்டையைச் சுருட்டவில்லை. வேலைக்குப் போகப்போகிறவன் எதற்காகச் சுருட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வீட்டிலேயே போட்டுக்கொண்டு, பொத்தானையெல்லாம் மாட்டிக்கொண்டு நடந்தார். பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். கூடப் பள்ளியில் படித்தவன்தான். சட்டையின் மார்பைக் கைக்குள் அள்ளி, கடையில் எலுமிச்சம்பழத்தைப் பதம் பார்ப்பதுபோல நிதானமாகக் கசக்கிவிட்டுக் கையை எடுத்தான். அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

"போ, பஸ்ஸு வந்துரும்," என்றான்.

தேர்வறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். வேலை கிடைத்தது. அன்றைக்கு அவர் இரண்டு முடிவு எடுத்தார். இனி ஒரு நாளும் சட்டையைச் சுருட்டுவதில்லை. இனி ஒரு கையும் தன் சட்டை மேல் படக் கூடாது.

"பஸ்ல அவ சாஞ்சப்ப," என்று ஆரம்பித்தார். "யோசிச்சுத் தள்ளலை தம்பி. சட்டையில கை பட்டுச்சு, தள்ளிட்டேன். அவ முகத்தைப் பாத்த பெறகுதான் என்ன செஞ்சேன்னு தெரிஞ்சுது."

* ஊரின் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அந்த ஒரு ஊர்தான் என்று நினைத்து நிம்மதி அடைந்துவிடுவீர்கள். எனக்கு அந்த நிம்மதி கிடையாது. நான் பிறந்ததும் அப்படி ஒரு பெஞ்சு இருந்த தெருவில்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் என் வீட்டு ஆட்கள் உண்டு. அவர்கள் யார் சட்டையைக் கசக்கினார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

5

"இதை தமிழ்வாணிகிட்ட ஏண்ணே சொல்லலை?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அந்த மந்தையில நின்னுதான் ஐஸ் தின்னுருக்கா. அவளுக்கு அது நல்ல ஊரு. நான் ஏன் கெடுக்கணும்?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சுருட்டுனது தெரியும். கசக்குனது தெரியாது."

சொல்லாவிட்டால், அப்பாவுக்குத் தன்னைவிடச் சட்டை பெரிது என்ற நினைப்போடு அவள் இருந்துவிடுவாள். சொன்னால், இத்தனை வருடம் அவர் அவளுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஊர் ஒரே நிமிடத்தில் போய்விடும். இரண்டில் எது போனாலும் திரும்பி வராது. அறுநூறு சொற்களில் நகைச்சுவையாக எழுதும்படி எனக்குச் சொல்லியிருந்த விஷயம் இதுதான்.

6

முடிவு ஒன்று: அவர் எல்லாவற்றையும் சொல்கிறார். மகள் அழுகிறாள். அப்பாவைக் கட்டிக்

(நிறுத்திவிட்டேன். அவளை அழவைப்பது எனக்குச் சுலபம், உங்களையும்தான். அழுதுவிட்டு எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.)

முடிவு இரண்டு: சிவபாண்டி வீட்டிலேயே கோட்டும் சட்டையும் மாட்டிக்கொண்டு, மே மாத வெயிலில் ரயிலேறிச் சென்னைவரை விறைப்பாக

(இதுவும் வேண்டாம். ரயில் பெட்டியில் இருப்பவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரைச் சிரிக்கக் கொடுக்க எனக்கு மனமில்லை.)

முடிவு மூன்று: அவரே சட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கிறார். மகளுக்காக.

(மூன்றிலும் மோசமானது இது. பார்க்க அன்புபோல இருக்கும். கடைசியில் பெஞ்சில் இருந்தவன் விரும்பியதுதான் நடந்திருக்கும்.)

7

எழுதியவரை அச்செடுத்து, செவ்வாய்க்கிழமை அவரிடமே கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிழித்துப்போடுவதாக இருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

"அவன் கையில மோதிரம் போட்டிருந்தான். அதை விட்டுட்டீக."

"சேத்துர்றேன்ணே."

"எங்க பேரை மாத்திருங்க. ஊர் பேரு வேண்டாம், நீங்க செஞ்சதுதான் சரி. மத்தபடி பஸ்ல சாஞ்சது, அவ சொன்னது, எதையும் மாத்தாதீக."

"அதை மாத்தலைன்னா தமிழ்வாணிக்குத் தெரிஞ்சுருமேண்ணே. வாராவாரம் இந்த இதழைப் படிக்கிற பிள்ளை."

அவர் தாள்களை நேராக அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"எனக்கு அவ முகத்தைப் பாத்துச் சொல்ல வராது தம்பி. ரெண்டு நாளா வாயைத் தொறக்குறேன், சாப்பிட்டியாம்மான்னுதான் வருது. பின்ன ஒங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னு நெனச்சீக?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கதைக்கு ஒரு பாத்திரம் கிடைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ தன் மகளுக்கு ஒரு கடிதம் எழுத ஆள் தேடியிருக்கிறார்.

8

ஆகவே இந்தப் பகுதி உங்களில் ஒருவருக்கு மட்டும். மற்றவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை, ஆனால் முடிவு உங்களுடையது அல்ல.

அம்மா, உங்கள் பெயர் தமிழ்வாணி இல்லை. அவனுடைய மோதிரத்தை அந்தக் காட்சியில் நான் சேர்க்கவில்லை. அதன் கதையை அவர் வாயால்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று விட்டுவைத்தேன். நீங்கள் கேட்காமலும் இருக்கலாம். அந்த ஊருக்கு இனிமேல் போவதும் போகாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். கப்பலுக்கும் அப்படித்தான். நான் எழுதிப்பார்த்த மூன்று முடிவும் உதவாதவை. நான்காவதை எழுத எனக்கு உரிமை இல்லை.

இன்று புதன்கிழமை. உங்களுக்கு ரயில் வெள்ளிக்கிழமை காலையில். இந்த இதழ் பதினொரு மணிக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் இன்று அவர் வெளியே எங்கும் போகவில்லை. அப்பா ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.