தாழ்ப்பாளின் உயரம்

டங், டங்கென்று சுத்தியல் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் வாய் நிறைய நுரையோடு ஓடிவந்தான். தங்கையின் அறைக் கதவில் ஒரு தச்சர் பழைய ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுய்யா கதவைக் குடையிறே?"

"இவங்கதான் சார் கூப்பிட்டாங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் வேணுமாம்."

சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தாள் 'பாப்பா'. வயது முப்பத்தொன்று. கடைத்தெருவில் கைபேசி பழுது பார்ப்பவள். ஊரார் ரகசியமெல்லாம் அவளை நம்பி அவள் மேசைக்கு வரும். அவளுக்கென்று ஒரு ரகசியம் வைத்துக்கொள்ளத்தான் வீட்டில் இடமில்லை.

பன்னிரண்டு வயதில் அவள் உள்ளே வழுக்கி விழுந்தபோது கதவை உடைக்க வேண்டியதாயிற்று. அன்று கழற்றிய தாழ்ப்பாள் திரும்ப ஏறவில்லை. அதன்பின் அண்ணன் சார்ஜர் தேடி வருவான். அண்ணி துணி தேய்க்க வருவாள். உடை மாற்றும்போதும் அம்மா எட்டிப் பார்ப்பாள். எல்லாம் அன்புதான். அந்த அன்புக்குக் கதவைத் தட்டும் பழக்கம் மட்டும் இல்லை.

"மறுபடி விழுந்து கிழுந்து வச்சா என்னடி பண்றது?" என்றாள் அம்மா.

"அவசரம்னா வெளியிலேருந்தும் திறக்கலாம்மா. பாத்துத்தான் வாங்கியிருக்கேன்."

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. "பூட்டிக்கிற அளவுக்கு நாங்க என்ன அந்நியமா?"

"உங்க ரூம்லயும் தாழ்ப்பாள் இருக்கே அண்ணி. நாங்க அந்நியமா?"

அண்ணி சமையலறையில் ஏதோ தீய்வதாகச் சொல்லிப் போய்விட்டாள். அடுப்பு அதுவரை பற்றவைக்கப்படவே இல்லை.

தச்சர் பென்சிலை எடுத்தார். "பழைய இடத்துலயே போட்டுடவா சார்?"

"ஆமாமா, அதான் சரி" என்றான் அண்ணன்.

"நாற்காலியிலேருந்து எனக்கு எட்டாதுங்க" என்றாள் பாப்பா. "பூட்டப் போறது நான். என்னைக் கேளுங்க."

தச்சர் தலையைச் சொறிந்தார். பிறகு தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "கையை நீட்டுங்கம்மா" என்றார். அவள் விரல் பட்ட இடத்தில் ஒரு கோடு விழுந்தது.

"அவ்வளவு கீழேயா? பாக்க நல்லாவா இருக்கும்?" என்று முனகினான் அண்ணன்.

"பழகிடும் சார்" என்றார் தச்சர்.

அவர் கிளம்பியதும் பாப்பா நாற்காலியை உள்ளே உருட்டினாள். கதவு மூடியது. 'க்ளக்'.

அண்ணியும் திரும்பி வந்துவிட, அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போல மூவரும் நின்றார்கள். அண்ணன் கதவில் காதை வைத்தான். சத்தமே இல்லை. பழக்கதோஷத்தில் கதவைத் தள்ளினான், அது அசையவில்லை.

"தட்டேன்டா" என்றாள் அம்மா.

தங்கையின் கதவைத் தட்ட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. விரலை மடக்கி, மெல்ல இரண்டு தட்டு.

"பாப்பா! உள்ள அப்படி என்னதான் பண்றே?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. யாரும் பாக்காம சும்மா இருந்தா எப்படி இருக்கும்னு இருந்து பாக்குறேன்."