பதினான்காவது உறை

பிரின்சி மிஸ் போர்டில் எதையோ வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது ஹேமாவதியின் போன் மேசையில் அதிர்ந்தது. கணவன் சுருளிராஜன். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன். வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

"உங்க அண்ணன் வரமாட்டாகளாம். வேற மடி பாத்துக்கங்கன்னு சொல்லிவிட்டிருக்காக."

வரும் வெள்ளிக்கிழமை வீரபாண்டிக் கோயிலில் அவர்களுடைய இளைய மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஹேமாவதிக்கு உடன்பிறந்தவர் கோம்பையில் இருக்கும் கர்ணன் ஒருவர்தான். மூத்தவளுக்கும் அதே மடிதான். அது இல்லையென்றால் பத்திரிகை வைத்த எழுபத்திரண்டு வீட்டுச் சனமும் வந்து நின்று என்ன செய்வது?

வினையே அந்த எழுபத்திரண்டு வீட்டில்தான் தொடங்கியது. தேனியில் இருக்கும் ஒரு சமுதாயக் கல்லூரியில் அலுவலகக் கணினிப் பயன்பாடு என்று ஓராண்டுப் படிப்பு. இருபத்தொன்பது வயதில் அதில் சேர்ந்தவள் ஹேமாவதி. மற்றதெல்லாம் நேற்றுப் பள்ளிக்கூடத்தை முடித்த பிள்ளைகள். மிஸ்ஸே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஓடைப்பட்டித் தோட்டங்களில் திராட்சைக்குக் கத்தரி பிடித்த கைக்கு மவுஸ் அடங்க ஒரு மாதம் ஆனது. அடங்கிய பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் பருப்பு டப்பா, மிளகாய்ப்பொடி டப்பா எல்லாவற்றுக்கும் பெயர் அச்சடித்து ஒட்டியாயிற்று. உப்புக்கு எதற்கடி பேர், பார்த்தால் தெரியாதா என்று சுருளிராஜன் கேட்டுப் பார்த்தான். அதற்கும் ஒட்டினாள்.

காதுகுத்துப் பத்திரிகை அடித்து வந்ததும், சொந்தக்காரர்கள் பெயரையும் ஊரையும் எக்செல்லில் ஏற்றி, அகர வரிசைக்கு மாற்றி, லேபிளாக எடுத்து, உறைகளில் ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். மிஸ் அந்தக் கட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினாள். அன்று முழுக்க ஹேமாவதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுருளிராஜன் கட்டை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. பெண்டாட்டி அடுக்கியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற அபூர்வப் பிறவி. முதல் உறை இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கம்மாள் பெரியம்மாவுக்குப் போனது. அவள் பெயர் 'அ'வில் தொடங்குகிறது என்பது தவிர அந்த மரியாதைக்கு வேறு காரணம் கிடையாது. பொழுது சாய்வதற்குள் பெரியம்மா கோம்பைக்குப் போன் போட்டு, பத்திரிகை நன்றாக இருக்கிறதல்லவா என்று விசாரித்துவிட்டாள். கர்ணனுக்குப் பத்திரிகையே வந்திருக்கவில்லை. அவர் பதினான்காவது. முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது மாமன் வீட்டுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்க் கொடுத்த பிறகுதான் ஊருக்கு. இது ஹேமாவதிக்குத் தெரியாததா?

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு அப்போதே கிளம்பினாள். பஜாரில் ஒரு எவர்சில்வர் தாம்பாளமும், வெற்றிலை பாக்கும், ஒரு சீப்புப் பழமும் வாங்கினாள். கூடுதலாக அடித்து வைத்திருந்த பத்திரிகை ஒன்று பையில் இருந்தது. கோம்பைக்கு மாறி ஏற வேண்டிய உத்தமபாளையம் போகிற வரை பஸ்ஸில் ஒரு பேச்சைத் தயார் செய்தாள். எல்லாப் பழியும் கம்ப்யூட்டர் மேல். வாயில்லாத சாதனம், மறுத்துப் பேசாது.

கர்ணன் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கை கால் கழுவாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வா ஹேமா, இங்கன உக்காரு," என்று மதினி மாயக்காள் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஹேமாவதி உட்காரவில்லை. தாம்பாளத்தை எடுத்து எல்லாவற்றையும் அடுக்கி நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல அ, ஆன்னு அதுபாட்டுக்கு வரிசையா வந்துருச்சுண்ணே. அதுக்கு யாரு எவருன்னு தெரியாது."

"அதுக்குத் தெரியாதுத்தா," என்றார் கர்ணன். "ஒனக்குத் தெரியும்ல."

தயார் செய்த பேச்சு அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது. அவளுக்குத் தெரியும். லேபிள் ஒட்டும்போது அண்ணன் பெயரும் கைக்கு வந்தது. பதிமூன்று பேருக்குப் பின்னால் அது பாட்டுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைக்க ஒரு நொடி ஆகியிருக்காது. வைக்கவில்லை. சொல்லப்போனால், அவர் பெயர் அங்கே பின்னால் கிடந்ததைப் பார்க்க அவளுக்கு நன்றாகக்கூட இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவளை நிறுத்திக் கல்யாணம் பேசியவர் இந்த அண்ணன்தான். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் போய்விட்டது. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை.

"ஒட்டும்போதே பாத்தேண்ணே," என்றாள். "கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏன்?" என்றார் கர்ணன்.

"நீங்க என்னப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்துனீகல்ல."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இன்னும் நான்கு நாள் இருக்கிறது. மகளுக்கு மாமன் மடி இல்லாமல் ஆக்கியது தன் வாய்தான் என்று நினைத்தாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

கர்ணன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னைக்கே நீ படிக்கிறேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்றார், அவ்வளவு உறுதியில்லாமல்.

"கேட்டேண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா," என்றார். "கேட்ட."

பிறகு முதல் முறையாகத் தாம்பாளத்தைப் பார்த்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "கையெல்லாம் மண்ணா இருக்கு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மாயக்காள் அடுப்படி நிலையருகே வந்து நின்றாள். கை கழுவ அத்தனை நேரம் ஆகாது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஹேமாவதிக்கு முழங்கை வலித்தது. தாம்பாளத்தைக் கீழே வைக்காமல், கொல்லை வாசலைப் பார்த்தபடி நின்றாள்.