ஆறு இடத்தில் போட்டிருந்தது

காலை பதினோரு மணிக்குள் அவன் இரண்டு கட்டுரைகளை முடித்துவிட்டான். ஒன்று, கைக்குழந்தையை அழவிடாமல் தூங்கவைக்க ஏழு வழிகள். மற்றொன்று, வீட்டுக்கடன் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை. அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. வீட்டுக்கடன் கேட்டு எந்த வங்கியின் படியையும் மிதித்ததில்லை. அதனால் என்ன? இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தவன் மாதிரி எழுதத் தெரிந்தால் போதும்.

வேலை எளிதுதான். தலைப்பைப் போட்டுத் தேடினால் முதலில் வரும் நான்கு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்வான். பக்கத்துக்கு ஒரு பத்தி எடுத்து, சொற்களை மாற்றி, நகல் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போடுவான். சிவப்பு காட்டினால் இன்னும் கொஞ்சம் மாற்ற வேண்டும். பச்சை விழுந்தால் கட்டுரை முடிந்தது. எழுதியது உண்மையா என்று பார்க்கும் மென்பொருள் எதையும் எந்தத் தளமும் வாங்கவில்லை. யாரும் அதைக் கேட்கவுமில்லை. ஆறு வருடமாக இதே பிழைப்பு. முதுகு போயிற்று, கண் போயிற்று, எழுத வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்த ஆசையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அடுத்த அறையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அக்கா வந்து கதவோரம் நின்றாள். புருஷன் போனபிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவள். பள்ளிச் சீருடை தைத்துத் தன் பங்கு வாடகையைத் தானே கொடுப்பவள். யாரிடமும் கை நீட்டியதில்லை. அன்று அவள் கையில் மாத்திரை அட்டை இருந்தது.

"தம்பி, இந்த பிரஷர் மாத்திரையப் போட ஆரம்பிச்சதுலேர்ந்து கால் வீங்குதுடா. மாசத்துல பத்து நாள் நிறுத்திட்டுப் போடலாம்னு எதிர்வீட்டம்மா சொல்றாங்க. நெட்டுல போட்டிருக்காம். நெசமா?"

"டாக்டர்கிட்டயே கேளேன்க்கா."

"அங்க போனா அரை நாள் போயிடும். பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது, நாப்பது உருப்படி கெடக்கு. நீதான் இதெல்லாம் எழுதுறவனாச்சே. பாத்துச் சொல்லு."

அவன் பார்த்தான். மூன்றாவது கட்டுரை காத்துக்கொண்டிருந்ததால் தலைப்புகளைத்தான் பார்த்தான். மாத்திரைக்குப் பத்து நாள் ஓய்வு கொடுங்கள், உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று ஐந்து தளங்கள் சொல்லின. ஆறாவதாக ஒரு வீடியோ. அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதையே சிரித்த முகத்தோடு சொன்னார்.

"ஆறு இடத்துல போட்டிருக்குக்கா. ஆறும் வேற வேற ஆளுங்க. ஆறு பேரும் சேர்ந்தா பொய் சொல்லப் போறாங்க? நிறுத்திப் பாரு."

அக்கா அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

ஒன்பதாம் நாள் பகலில் கத்தரிக்கோல் தரையில் விழும் சத்தம் கேட்டது. எடுக்கும் சத்தம் கேட்கவில்லை. அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா நாற்காலியிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். வாய் கோணியிருந்தது. ஏதோ சொல்ல வந்தாள், வார்த்தை வரவில்லை.

மருத்துவமனையில் பார்த்த டாக்டரம்மா களைத்துப்போயிருந்தார். "மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

"நெட்டுல... ஆறு இடத்துல..." என்று இழுத்தான்.

"பத்து நாள் ஓய்வா? இந்த மாசத்துல நீங்க மூணாவது. உயிருக்குப் பயமில்ல. ஆனா வலது கை எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது. கால் வீங்குதுன்னு வந்து சொல்லியிருந்தா வேற மாத்திரை எழுதிக் குடுத்திருப்போம். அஞ்சு நிமிஷ வேலைங்க."

வலது கை. அக்காவுக்குச் சோறு போடுகிற கை அது. அவன் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான். இதை முதலில் எழுதிய பாவி யாரென்று தெரிந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. கைப்பேசியை எடுத்து, இம்முறை வரிவரியாகப் படித்தான்.

மோட்டாருக்கே ஓய்வு தேவை, உடலுக்கு வேண்டாமா என்று கேட்டது ஒரு தளம். காரைக்கூட நிறுத்திவைக்கிறோமே என்றது இன்னொன்று. கைப்பேசியை அணைத்துவைப்பதில்லையா என்றது மூன்றாவது. சட்டைதான் வேறு, ஆள் ஒன்றுதான் என்பது அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. பச்சை விழும்வரை சொல்லை மாற்றுகிற வேலை அவன் அறியாததா? தேதிகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான். எல்லாவற்றிலும் பழையது ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆசிரியர் குழு' என்றிருந்தது. 'தையல் இயந்திரத்துக்கே வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு. உங்கள் உடலுக்கு வேண்டாமா?'

அது அவன் எழுதிய வரி.

நாளுக்கு மூன்று என்று எழுதித் தள்ளியதில் அவனுக்கே மறந்துபோன கட்டுரை. அதை எழுதிய அன்று இருநூறு சொற்கள் குறைந்தன. 'மருத்துவரைக் கேளுங்கள்' என்ற வரிகளைத் தளத்தை நடத்துகிறவர் வெட்டச் சொல்லியிருந்தார். அந்த வரி வந்ததும் வாசகர்கள் ஓடிவிடுகிறார்களாம். எதற்கெடுத்தாலும் வரைபடத்தைக் காட்டுவதால் எல்லாரும் அவரைக் கிராஃப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இடத்தை நிரப்ப என்ன எழுதுவது என்று அவன் யோசித்தபோது அடுத்த அறையில் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரமும் வந்தது, பத்து நாள் கணக்கும் வந்தது. எங்கிருந்தும் எடுக்கவில்லை. அந்தக் கட்டுரைக்கு முதல் தடவையே பச்சை விழுந்தது.

கிராஃப் அண்ணனுக்குப் போன் செய்தான். "அதை எடுத்துடுங்கண்ணே. எங்க அக்கா படுத்துட்டா."

"மனசுக்குக் கஷ்டமா இருக்குப்பா. ஆனா அது நல்லா ஓடுற பக்கம். கீழ ஒரு வரி வேணா சேத்துடலாம். எடுத்து மட்டும் என்ன ஆகப்போகுது? அதான் எல்லா எடத்துலயும் இருக்கே."

"எல்லா எடத்துலயும் இருக்குறது நான் எழுதினதுண்ணே."

"நீ ஒருத்தனா எழுதுற? ஊர்ல எல்லாரும்தான் எழுதுறாங்க. போய் அக்காவப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இந்தத் தொழிலில் பெரிய தொல்லை. கெட்டவர் என்று கைகாட்ட ஒருவர்கூடக் கிடைப்பதில்லை.

மூன்றாவது வாரம் அக்காவுக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. மருத்துவமனைக் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப அந்த ஆறு பேரு?" என்று அக்கா குழறிக் கேட்டாள்.

"என்னைப் பாத்து எழுதினவங்க. நான் அவங்களப் பாத்து உனக்குச் சொன்னேன்."

அக்கா இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தாள். "நெட்ட நான் நம்பலடா. அதப் படிக்க எனக்கேது நேரம்? நீ சொன்ன, நிறுத்துனேன்."

அவன் தலை குனிந்து அழுதான். அவள் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை.

"எத்தன பேரு படிச்சிருப்பாங்க?"

"நான் எழுதினத மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல."

"அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

அன்றே மருத்துவமனை நடையில் சுவரோரமாக நின்று கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். இத்தனை வருடத்தில் முகம் காட்டிப் பேசுவது அதுதான் முதல் தடவை. "பிரஷர் மாத்திரைக்குப் பத்து நாள் ஓய்வுன்னு எழுதினவன் நான். நான் டாக்டர் இல்ல. அது பொய். அதால எங்க அக்காவோட கை போயிருக்கு. ஒரு பொய்ய ஆறு எடத்துல படிச்சா அது ஆறு சாட்சி ஆகாதுங்க. உங்க உடம்பத் தொட்டுப் பாத்த டாக்டரக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க."

அந்த வீடியோவை நெட்டில் போட்டான். ஒரு வாரம் கழித்து அக்கா கேட்டாள். "எத்தன பேரு பாத்தாங்க?"

"அறுபத்திமூணு."

அக்கா பெருமூச்சு விட்டாள். அவளுக்குக் கோபமும் ஆறவில்லை, தம்பி மேல் இருந்த பாசமும் போகவில்லை.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அத அன்னிக்கே சொல்லாதவன் ரெண்டு லட்சம் வாசல் ஏறி எறங்கித்தான் ஆகணும். நாளைக்கும் பேசு."