ஆறாவது பாட்டின் கடைசியில்

தம்பி ஷாருஜன் கிற்றாரோடு தனியாகப் பாடிய ஒன்பது பாட்டுகளும் வியாழக்கிழமை மாலை றஞ்சனியின் போனுக்கு வந்து சேர்ந்தன. விடிந்தால் அல்பம் இணையத்தில் வெளியாகிறது. சின்ன வயதிலிருந்து அவன் எதைப் பாடினாலும் முதலில் அக்காவுக்குத்தான் பாடிக் காட்டுவான். அவளும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். இந்த முறை யாழ்ப்பாணத்து நண்பனின் அறையிலிருந்து அழைத்து, "நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா" என்று கெஞ்சினான். ஆறாவது பாட்டை வீட்டில் பதிந்தபோது அப்பாவின் வள்ளத்து எஞ்சின் சத்தம் உள்ளே விழுந்துவிட்டதாம். அதை வெட்டப்போகிறானாம், காதில் எடுக்க வேண்டாமாம்.

வேலை முடிந்து ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறியதும் கேட்கத் தொடங்கினாள். முதல் பாட்டிலேயே கண் கலங்கிவிட்டது. இந்தப் பொடியனுக்குள் இவ்வளவு இருந்ததா என்று பெருமையாக இருந்தது. மூன்றாவது பாட்டில் கொட்டாவி வந்தது. கோயிலில் பாடினால் வீதிவரை கேட்கிற குரல் அவனுக்கு. அதை எங்கே ஒளித்தானோ, பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி முணுமுணுத்திருந்தான். போதாக்குறைக்குப் பாட்டுக்குப் பாட்டு அலைச் சத்தம், எங்கோ இணையத்திலிருந்து இறக்கியது. வழியில், மண்கும்பானில், ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். கடல் தட்டில் ஊற்றிய தண்ணீராகக் கிடந்தது. இந்த அலை எந்த ஊர்க் கடலுடையது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? இந்தப் பாட்டுக்காகத்தான் அவன் கடலுக்குப் போவதை விட்டான். அப்பா இராசநாயகம் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரு பாட்டைப் பாடு கேட்போம் என்றும் இன்றுவரை சொன்னதில்லை. இப்போது அக்காவும் குறை சொன்னால் பொடியன் உடைந்துபோவான்.

வீட்டுக்கு வந்தவள் குசினியில் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டாள். அம்மா மீன் வெட்டிக்கொண்டே பாட்டுகளைக் கேட்டாள். குரல் அடைச்சுக் கிடக்கு, இவனுக்குத் தடிமனோ என்று நடுவில் ஒருமுறை கேட்டதோடு சரி. வாசலோரக் கதிரையில் இருந்த அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

ஆறாவது பாட்டு முடிந்து கிற்றார் ஓய்ந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், எஞ்சின் சத்தம். அம்மா கத்தியை வைத்தாள், கையைக் கழுவினாள், கேத்திலை அடுப்பில் ஏற்றினாள். இந்த வீட்டில் என்றைக்கும் அப்படித்தான். எஞ்சின் கேட்டதும் தண்ணீர் வைத்தால், அப்பா வள்ளத்தைக் கட்டிவிட்டு வரும்போது தேத்தண்ணி தயாராக இருக்கும்.

"ஆருக்குத் தண்ணி வைக்கிறீர்?" என்றார் அப்பா.

"உங்களுக்குத்தான். வள்ளம் வந்திட்டுதெல்லோ."

"நான் இஞ்சையெல்லோ இருக்கிறன்."

அம்மா அவரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவளுக்கு நிறுத்த ஏலாமல் போயிற்று, கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அதைத் திருப்பிப் போடு பிள்ளை" என்று போனுக்குக் கை நீட்டினார்.

றஞ்சனி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்த் தம்பியை அழைத்தாள். முதல் பாட்டில் அழுததைச் சொன்னாள். மூன்றாவதில் கொட்டாவி விட்டதையும் சொன்னாள். முணுமுணுப்பு, அலை, ஒன்றையும் மறைக்கவில்லை.

"அப்ப ஆறாவதை என்ன செய்யிறது?" என்றான் கடைசியாக.

"அலையை வெட்டு. எஞ்சினில கை வைச்சியெண்டால் வீட்டுப் பக்கம் வராதை. அப்பா திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"எஞ்சினைத்தானே" என்றான் அவன், குரல் இறங்கி.

றஞ்சனி வாசலுக்குள் எட்டிப் பார்த்தாள். பாட்டு மறுபடி முடிந்திருந்தது. அப்பா கண்ணாடியை மூக்கில் தள்ளி, விரலால் எதையோ தேடி அமத்தினார்.

"இல்லையடா" என்றாள். "ஒவ்வொருக்காலும் முதலில இருந்துதான் போடுறார்."